குருணை

என் மனைவியின் கீழ்த்தாடையை எனக்கு நன்றாகத் தெரியும். முகம் சில நாட்களில் நினைவுக்கு வர மறுக்கிறது. தாடை மறுப்பதில்லை.

இருவரும் கிண்டியில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தோம். பல் மருத்துவர்களுக்கான முப்பரிமாண எக்ஸ்ரே இயந்திரம் செய்யும் நிறுவனம். நோயாளியின் தலையைச் சுற்றி ஒரு கை சுழன்று வரும். சற்று நேரத்தில் தாடை முழு உருவமாகத் திரையில் நிற்கும். அந்த உருவத்தைக் கட்டும் மென்பொருளை எழுதியவர்களில் சுடரொளி ஒருத்தி. விற்ற இயந்திரங்கள் சரியாக அளக்கின்றனவா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது என் வேலை.

புது முறை எதையாவது எழுதினால் அதைச் சோதிக்க ஒரு தாடை வேண்டும். மற்றவர்கள் பிளாஸ்டிக் தாடையை வைப்பார்கள். சுடர் தானே போய் உட்காருவாள்.

"பிளாஸ்டிக் எச்சில் முழுங்காது, சீலா. தலையை ஆட்டாது. அதை வெச்சு டெஸ்ட் பண்ணா எல்லாமே பாஸ்தான்."

அவளுடைய வலது பக்கம், இரண்டாவது சிறு கடைவாய்ப்பல்லுக்குக் கீழே, எலும்புக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. எலும்பு கொஞ்சம் கெட்டியாகச் சேர்ந்த இடம். நோய் இல்லை, பலருக்கு உண்டு. அவளுடையது உடைந்த அரிசி மாதிரி, ஒரு முனை வளைந்து இருக்கும். குருணை என்று பெயர் வைத்தோம். நீளம் 4.1 மில்லிமீட்டர். ஒவ்வொரு புதுப் படத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து "குருணையை அள" என்பாள். 4.1 வந்தால் அன்றைக்கு வெளியில் பிரியாணி. 4.3 வந்தால் மறுநாள் அவள் குழுவில் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

போன கார்த்திகையில் இறந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய். அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

தை மாதம் 'தெளிவு' வெளியானது. அவளுடைய கடைசி வேலை அது. பத்தில் ஒரு பங்கு கதிர்வீச்சில் படம் எடுக்கும் முறை. குழந்தைகளுக்காகத்தான் தொடங்கினாள். கதிர் குறைந்தால் இயந்திரத்துக்குக் கண் மங்கும். மங்கிய இடங்களை, தான் கற்றுவைத்திருக்கும் தாடைகளைக் கொண்டு அதுவே ஊகித்துக்கொள்ளும்.

படங்கள் பளிங்கில் செதுக்கியது மாதிரி வந்தன. மருத்துவர்கள் மயங்கினார்கள். நோயாளிகள் தங்கள் தாடையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். பெண்ணுக்கு எல்லாமே சொந்தப் பல் என்று நிரூபிக்கச் சம்பந்தி வீட்டுக்கு ஒரு குடும்பம் தாடைப் படம் அனுப்பியதாகக் கோயம்புத்தூர் விற்பனை ஆள் சொன்னார். பக்கத்து ஸ்கேன் சென்டரில் படம் இன்னும் அழகாக வருகிறது என்று ஒரு மருத்துவர் காதில் விழுந்தால், மறுநாளே இங்கேயும் தெளிவு வேண்டும் என்று போன் வரும்.

ஆவணியில் பெரம்பூருக்குப் போனேன். டாக்டர் ஷாகிராவின் பல் மருத்துவமனை. இயந்திரம் அங்கேயே இருக்கிறது.

வழக்கமான சோதனை. ஃபாண்டம் என்று நாங்கள் சொல்லும் அக்ரிலிக் கட்டையை நாடி வைக்கும் இடத்தில் வைத்தேன். உள்ளே எஃகுக் குண்டுகள், ஒன்றுக்கொன்று தெரிந்த தூரத்தில். ஐம்பது மில்லிமீட்டருக்கு ஐம்பது வந்தது. நாடு முழுக்க எங்கள் ஆட்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள். கட்டை அசையாது, எச்சில் முழுங்காது. எல்லாமே பாஸ்.

"உங்க கட்டையை விடுங்க சீலன்" என்றார் டாக்டர். "இங்க வாங்க. பதினொரு மணிக்கு ஒரு இம்ப்ளான்ட் வெச்சிருக்கேன். உங்க மெஷின் குடுத்த படம். இதை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்."

நோயாளியின் பெயர் ஜெசிந்தா. வலது கீழ்க் கடைவாயில் ஒரு பல் இல்லை. இரு பக்கத்துப் பற்களையும் சேர்த்து மாட்டிய பழைய உலோகக் கேப். அதைக் கழற்றிவிட்டு, நடுவில் எலும்புக்குள் ஒரு ஸ்க்ரூ இறக்கி, அதன் மேல் புதுப் பல் பொருத்த வேண்டும். டாக்டர் திரையில் கோடு இழுத்துக் காட்டினார்.

"நரம்புக்கு மேல பதினாலரை மில்லிமீட்டர் எலும்பு. ராஜா மாதிரி பன்னெண்டு மில்லிமீட்டர் ஸ்க்ரூ போடலாம்."

நான் கோட்டைப் பார்க்கவில்லை. கோட்டுக்கு முன்னால், சிறு கடைவாய்ப்பல்லின் கீழே, ஒரு வெள்ளைப் புள்ளி. உடைந்த அரிசி. ஒரு முனை வளைந்து.

அளந்தேன். அளக்காமலே தெரிந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியாததால் அளந்தேன். 4.1.

"மேடம், இது இவங்க எலும்பு இல்ல."

"பின்ன யாரோடது?"

"என் மனைவியோடது."

டாக்டர் ஷாகிரா என்னைப் பார்த்தார். கடந்த மாதங்களில் எல்லோரும் பார்க்கும் பார்வை அது. நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"சீலன், காலைல சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் மேடம்."

"லீவு போட்டிருக்கலாமேப்பா."

என் போனில் சுடரின் படம் இருந்தது. முகப்படம் அல்ல, தாடை. திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தற்செயலா இருக்கலாம்ல?"

"குருணை மட்டும்னா தற்செயல்னு விட்டுடலாம். அதோட நீளம், வளைவு, கீழ நரம்பு போற பாதை, எல்லாமே எப்படி மேடம் ஒண்ணாயிருக்கும்?"

"கேப்புக்குத் தள்ளி இருக்கற எலும்பெல்லாம் வேற மாதிரி இருக்கே."

"அங்க மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு. கேப்பைச் சுத்தித் தெரியல. தெரியாத இடத்துல இதை வெச்சு அடைச்சிருக்கு."

"இன்னா சார் சண்டை? என் வாயப் பத்தியா?"

வாசலில் ஜெசிந்தா நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். டிராக் பேன்ட், கழுத்தில் கயிறு, கயிற்றில் விசில். வியாசர்பாடியில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, கால்பந்து நடுவர்.

"சண்டை இல்லம்மா. ஒரு சந்தேகம்" என்றார் டாக்டர்.

"சந்தேகம்னா இப்பவே சொல்லிடுங்க. இன்னும் ஊசி போடல. போட்டுட்டா என்னால திருப்பிக் கேக்க முடியாது."

நான் சொன்னேன். "அக்கா, உங்க பழைய கேப் உலோகம். எக்ஸ்ரே அதுல பட்டுச் சிதறிடும். அது பக்கத்துல இருக்கற எலும்பு மெஷினுக்குச் சரியாத் தெரியல. தெரியாத இடத்தை அதுவா வரைஞ்சிருக்கு."

"அதுவாவா?"

"ஆமா."

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லாமயா?"

"சொல்லாம."

அவர் டாக்டரைப் பார்த்தார், பிறகு திரையை. "லைன்ஸ்மேனுக்கு கண்ண மறைச்சிடுச்சு, ஆனா கொடியத் தூக்கிட்டான். அதான?"

"அதேதான் அக்கா."

"அட பாவி. நான் பதினஞ்சு வருசமா ஊதறேன். பாக்காததுக்கு ஊதனா எங்க கிரவுண்டுல கல்லு பறக்கும் சார். இவன் ஏசி ரூம்ல குந்திக்கினு ஊதறான்."

டாக்டர் சிரிக்கவில்லை. "ஜெசிந்தாம்மா, அந்த நரம்புதான் கீழ் உதட்டுக்குப் போகுது. ஸ்க்ரூ அதுல பட்டா உதடு மரத்துப் போயிடும். சில பேருக்குத் திரும்ப வராது."

ஜெசிந்தாவின் கை தானாக விசிலைப் பிடித்தது.

"மரத்த உதட்டுல விசில் நிக்குமா மேடம்?"

டாக்டர் திரையின் பக்கம் திரும்பினார்.

"அடுத்த மாசம் ஃபைனல். ஆம்பளைங்க ஃபைனலு. எங்க ஏரியால அதுக்கு ஒரு பொம்பள ஊதனதே இல்ல. எத்தினி பேரு நான் சொதப்புவேன்னு காத்துக்கினு இருக்கான் தெரியுமா? காத்து மட்டும் வந்துச்சின்னு வைங்க, முடிஞ்சிது."

"பழைய முறைல மறுபடி எடுக்கலாம்" என்றேன். "படம் அசிங்கமா இருக்கும். கதிர் பத்து மடங்கு. ஆனா தெரிஞ்சதை மட்டும்தான் காட்டும். கேப்பைக் கழட்டிட்டு எடுத்தா நல்லாவே தெரியும்."

டாக்டர் யோசித்தார். தேவையில்லாமல் யாருக்கும் இரண்டாம் முறை எக்ஸ்ரே எடுக்காதவர். அது எனக்குத் தெரியும்.

"சீலன், நீங்க சொல்றது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா நான் லீவு போடறேன் மேடம்."

"எடுங்க மேடம்" என்றார் ஜெசிந்தா. "தப்புன்னா சாருக்கு ரெட் கார்டு நான் குடுக்கறேன்."

கேப் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. ஒரு தட்டலில் வந்துவிட்டது. ஜெசிந்தா இயந்திரத்தில் நின்று நாடியை வைத்தார். நாங்கள் வெளியே வந்தோம், கை சுழன்று முடிந்தது.

படம் வந்தது. மணலைக் கொட்டிப் பரப்பியது மாதிரி. தெளிவுக்குப் பழகிய கண்ணுக்கு அது படமே இல்லை. டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுத் திரைக்கு அருகில் போனார். சிறு கடைவாய்ப்பல்லின் கீழே எலும்பு மட்டும் இருந்தது. குருணை இல்லை. நரம்பின் பாதை மேலே ஏறியிருந்தது.

அவரே கோடு இழுத்தார். 9.2.

மறுபடி இழுத்தார். 9.2.

"பன்னெண்டு வெச்சிருந்தேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. தட்டில் எடுத்து வைத்திருந்த ஸ்க்ரூ டப்பாவை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தார். ஆறு மில்லிமீட்டர் டப்பாவை எடுத்தார். அதன் மேல் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தார்.

"இன்னா ஆச்சு?" என்றார் ஜெசிந்தா, அங்கிருந்தே.

"கோல் இல்லக்கா" என்றேன்.

அவர் சிரித்தது தெருவரை கேட்டிருக்கும்.

அன்று மாலை கிண்டிக்குப் போனேன். குமரகுரு என்பவர் தெளிவின் பொறுப்பாளர். சுடருக்கு மேலதிகாரியாக இருந்தவர். இரண்டு படங்களையும் அவர் மேசையில் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். மறுக்கவில்லை.

"எப்படின்னு சொல்லுங்க குரு சார்."

"தெளிவு வெறும் கையோட ஆரம்பிக்க முடியாது, சீலா. ஒரு தாடையை அச்சா எடுத்துக்கும். நோயாளியோட எக்ஸ்ரேல என்ன தெரியுதோ அதுக்குத் தகுந்த மாதிரி அச்சை வளைச்சுக்கிட்டே வரும். எதுவும் தெரியாத இடத்துல வளைக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. அச்சு அப்படியே நின்னுடும்."

"அந்த அச்சு சுடர்."

"ஆமா."

"இந்த முறையை இன்னிக்கே நிறுத்தணும் சார். எல்லா டாக்டருக்கும் சொல்லணும்."

குமரகுரு எழுந்து கதவைச் சாத்தினார். "சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? யாரோட தாடைன்னு கேப்பாங்க. பேரு வெளில வரும். தன் எலும்பை ஊர்ல இருக்கறவன் வாயிலல்லாம் வெச்சுட்டுப் போயிட்டாள்னு எழுதுவாங்க. செத்துப்போன பொண்ணுக்கு இது தேவையா?"

"ஆயிரக்கணக்குல தாடை இருக்கு நம்மகிட்ட. எல்லாத்தையும் கலந்து சராசரி எடுத்து அச்சு செஞ்சிருக்கலாம். ஏன் அவளோடது?"

அவர் காப்பித் தம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"சராசரிதான் முதல்ல வெச்சிருந்தோம். சுடர் சண்டை போட்டா. தெரியாத இடத்தைச் சாம்பல் நிறமா விடணும்னு சொன்னா. நான் முடியாதுன்னேன். படத்துல ஓட்டை இருந்தா எந்த டாக்டர் வாங்குவான்? ஒரு வாரம் என்கூடப் பேசல. அப்புறம் ஒரு நாள் வந்து, சரி சார், ஆனா அச்சுல என் தாடையைத்தான் வெப்பேன்னு சொன்னா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல."

"என்ன சொன்னா?"

"சராசரி பொய் சொன்னா யாருக்கும் தெரியாது சார், அது எல்லார் மாதிரியும் இருக்கும். என் எலும்பு பொய் சொன்னா ஒருத்தனுக்குத் தெரியும். ஊர் ஊராப் போய் மெஷின் பாக்கறது அவன்தான். அவன் கண்ணுல இருந்து குருணை தப்பாது. அப்படின்னு சொன்னா."

ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ ரயில் போனது. குமரகுரு தம்ளரைக் கீழே வைத்தார்.

"சோதனை முடியற வரைக்கும்தான் அதுன்னு பேச்சு. வெளியிடறதுக்கு முன்னாடி உக்காந்து பேசலாம்னு இருந்தோம். அவ போயிட்டா. அதுக்கப்புறம் அந்தப் பகுதியைத் திறக்க எங்க யாருக்கும் மனசு வரல. அப்படியே அனுப்பிட்டோம்."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கார்த்திகைக்குப் பிறகு எனக்கு எதுவும் வந்ததில்லை. அன்று வந்தது வேறு. என் மனைவி ஒரு இயந்திரத்தைச் செய்தாள். அது ஒரு நாள் பொய் சொல்லும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைத் தடுக்க அவளை விடவில்லை. அதனால் அந்தப் பொய்யில் தன்னை அடையாளமாக வைத்தாள். அதைப் படிக்க உலகத்திலேயே ஒருவனைத்தான் நம்பினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

"பேரு வரட்டும் சார்" என்றேன். "முழுப் பேரையும் போடுங்க. சுடரொளி."

தெளிவு நிறுத்தப்பட்டது. எந்தெந்தப் படங்களில் ஊகம் புகுந்தது என்று தேடுவது எளிதாக இருந்தது. வளைந்த குருணையோ சுடரின் எலும்பில் வேறு ஏதாவதோ அப்படியே உள்ள படங்களைத் தேடினோம். நூற்றுக்கணக்கில் வந்தன. ஈரோட்டில், காயல்பட்டினத்தில், ஓசூரில், முன்பின் தெரியாதவர்களின் வாய்களில் சுடர் இருந்தாள். பெரும்பாலானவர்களுக்கு இன்னும் எதுவும் செய்திருக்கவில்லை. எல்லோருக்கும் மறுபடி படம் எடுத்தோம். சிலருக்கு நாங்கள் தாமதம்.

அவர்களில் அறந்தாங்கி ஆசிரியர் ஒருவரைப் பார்க்கப் போனேன். கீழ் உதடு மரத்துவிட்டது. மனைவி டீ கொடுத்தார். அது வழிவது அவருக்குத் தெரியவில்லை. அந்த அம்மா பேச்சை நிறுத்தாமல் துண்டால் துடைத்துவிட்டார். ஸ்க்ரூ வைத்த உள்ளூர் டாக்டர் தன் கை பிசகியது என்றே நினைத்து, வாராவாரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறாராம்.

எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய எலும்பு என்றும் சொன்னேன்.

"அந்த அம்மா தன் எலும்ப வெக்கலைன்னா?" என்று கேட்டார் ஆசிரியர்.

"உங்களுக்கு இதே ஆகியிருக்கும் சார். ஆனா ஏன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இன்னும் ஆகிக்கிட்டே இருந்திருக்கும்."

அவர் உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கோவமாத்தான் இருக்கு தம்பி. உங்க வீட்டம்மா மேல இல்ல. யார் மேலன்னுதான் தெரியல."

சிகிச்சைச் செலவு முழுவதையும் நிறுவனம் ஏற்றது. உணர்வு திரும்பும் என்று யாரும் அவருக்கு உறுதி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஐப்பசியில் புதிய பதிப்பு தயாரானது. அதில் அச்சு இல்லை. கதிர் குறைவுதான். தெரிந்ததைக் காட்டும். தெரியாத இடத்தைச் சாம்பலாக விடும். சுடர் சண்டை போட்டபோது எழுதிக் காட்டிய விதம். குமரகுரு அவள் எழுதிய பகுதியைத் தேடி எடுத்து, ஒரு வரி மாற்றாமல் சேர்த்தார். விற்பனை ஆட்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அவளுடைய தாடையை அச்சிலிருந்து எடுக்கும் பொத்தானை நான் அழுத்த வேண்டும் என்றார் குமரகுரு. அழுத்தினேன்.

முதலில் பெரம்பூரில் நிறுவினோம். நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அன்று ஜெசிந்தாவும் வந்திருந்தார். ஸ்க்ரூ எலும்பில் பிடித்துவிட்டதா என்று பார்க்கும் நாள்.

"ஃபைனல் எப்படி அக்கா?"

"ரெண்டு மஞ்ச கார்டு, ஒரு சிவப்பு. கடைசி நிமிசத்துல ஒரு கோல்னு சொல்லிக் கத்தனானுங்க. நான் பாக்கல. குடுக்கல. லைன்ஸ்மேனும் பாக்கலன்னுட்டான்."

"கல்லு?"

"எவனுக்குத் தைரியம்?"

விசிலை வாயில் வைத்து ஊதினார். அந்தச் சிறிய அறையில். வரவேற்பில் ஏதோ கீழே விழுந்து உடைந்தது.

"ஜெசிந்தாம்மா!" என்று கத்தினார் டாக்டர்.

"உதடு வேல செய்யுதான்னு பாத்தேன் மேடம்."

படம் எடுத்தோம். ஸ்க்ரூவும் உலோகம்தான். அதன் ஓரத்தில் சாம்பல் திட்டு. பக்கத்துப் பற்களில் புதுக் கேப். அதைச் சுற்றியும் சாம்பல். டாக்டர் ஷாகிரா முகத்தைச் சுளித்தார்.

"என்ன சீலன் இது, புகை படிஞ்ச மாதிரி? பேஷன்ட்டுக்கு எப்படிக் காட்டறது?"

"தெரியலைன்னு சொல்லுது மேடம்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, அந்தச் சாம்பலைச் சுற்றித் தன் கையால் ஒரு வட்டம் போட்டு, "இங்க சின்ன எக்ஸ்ரே ஒண்ணு தனியா எடுத்துக்கலாம்" என்று உதவியாளரிடம் சொன்னார்.

எல்லோரும் வெளியே போன பிறகு வலது பக்கத்தைப் பெரிதாக்கினேன். இரண்டாவது சிறு கடைவாய்ப்பல்லின் கீழே. பழக்கத்தில் அளவுகோட்டை எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். அளக்க ஒன்றும் இல்லை. வெறும் சாம்பல்.

அங்கே யாரும் இல்லை. படம் சரியாக இருந்தது.